ஈரத்துணிக்கு ஒரு கும்பிடு

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. போன ஞாயித்துக்கிழமை பழவேற்காடு பாலத்துக்குப் பக்கத்துல பார்த்த காட்சிக்கு அப்புறமும் தள்ளிப் போட்டா எனக்கே பானெட்டைத் தூக்க வேண்டி வரும் போலிருக்கு. அதனால் பதிவு கொஞ்சம் சூடாத்தான் இருக்கும். கத்திரி வேற. பொறுத்துக்குங்க.

மத்தியானம் ஒரு மணி. கிரீம் கலர் பிரீமியர் பத்மினி ஒண்ணு வாயைப் பொளந்துக்கிட்டு ரோட்டோரம் நிக்குது. சென்னையிலிருந்து டச்சுக்காரங்க கல்லறை பார்க்க வந்த குடும்பம். வண்டியை நல்லாத்தான் வெச்சிருக்கார் மனுஷன். பம்பர்ல முகம் பார்த்து மீசை திருத்தலாம், அப்படி ஒரு மினுமினுப்பு. கல்லறை பார்த்து, இறால் வறுவல் சாப்பிட்டு, திரும்பி வந்து சாவி போட்டா வண்டி எடுக்கலை. அவர் என்ன பண்றார்? பையன் கையில ஒரு துண்டைக் கொடுத்து ஏரித்தண்ணியில நனைச்சுட்டு வரச் சொல்றார். அவனும் ஓடி, நனைச்சு, சொட்டச் சொட்ட எடுத்து வந்து கொடுக்கிறான். அதைப் பெட்ரோல் பம்ப் மேல சுத்தப் போறார்.

கரையில வலை பிரிச்சுக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் அங்கிருந்தே கத்தினார். "இன்னா சார், உப்புத் தண்ணியப் போயி இஞ்சின்ல வெக்கிறீங்க? நாங்களே கரைக்கு வந்தா நல்ல தண்ணி வுட்டுக் கழுவுறோம்!"

நான் என் கேனிலிருந்து நல்ல தண்ணி கொடுத்தேன். அரைமணி நேரத்துல வண்டி எடுத்தது. கிளம்பும்போது அவர் சிரிச்சுக்கிட்டே சொன்ன வாக்கியம்தான் இந்தப் பதிவுக்குக் காரணம்: "பழைய வண்டின்னா அப்படித்தான் சார். எங்கப்பா காலத்துலேர்ந்து ஈரத்துணிதான்."

அப்படித்தானாம்! இல்லை சார். அப்படி இல்லவே இல்லை.

எங்க நைனாவும் இதே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கிட்டிருந்தார். எங்களுக்கு ஏரியில பாடு உண்டு, வலை உண்டு. ஆனா நைனாவுக்கு இளம் வயசுலேயே தண்ணி ஒத்துக்கலை, ஸ்டியரிங்தான் ஒத்துக்கிச்சு. 1991-ல் 84-ஆம் வருஷ மார்க் 4 பெட்ரோல் அம்பாசடர் ஒண்ணைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பிச்சார். அப்போ எங்க குப்பத்துல அது ஒண்ணுதான் கார். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-ல். அதுக்கு முன்னாடி ராத்திரியில பாம்பு கடிச்சாலும் சரி, பிரசவ வலின்னாலும் சரி, நைனா வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. பொன்னேரி இருபது கிலோமீட்டருக்குள்தான். ஆனா அந்த இருபது, வலியில இருக்கிறவங்களுக்கு எவ்வளவு தூரம்னு கேட்டுப் பாருங்க.

1996 மே மாசம். எனக்குப் பதினாலு வயசு. அத்தைக்கு ரெண்டாவது பிரசவம், உச்சி வெயில்ல வலி எடுத்துடுச்சு. நைனா அப்பதான் பொன்னேரிக்கு ஒரு சவாரி போய்ட்டு வந்து வண்டியை நிறுத்தியிருந்தார். அத்தையைப் பின்சீட்டில் படுக்க வெச்சு, அம்மா தலைமாட்டுல, நான் முன்னாடி. திருப்பாலைவனத்துல தெரிஞ்ச நர்ஸ் அக்கா ஒருத்தங்களையும் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு நிறுத்தினோம். அவங்க கிளம்பி வர பத்து நிமிஷம் ஆச்சு. வண்டியை ஆஃப் பண்ணி வெச்சிருந்தார் நைனா, பெட்ரோல் மிச்சம்னு. திரும்ப சாவி போட்டதும் எடுத்துச்சு. அரை கிலோமீட்டர் போச்சு. ரெண்டு தடவை இழுத்து, குலுக்கி, நின்னே போச்சு.

நைனா பானெட்டைத் திறந்து, தோளில் கிடந்த துண்டைக் குடத்துத் தண்ணியில நனைச்சு பம்ப் மேல போட்டார். அத்தை குடிக்கக் கொண்டு வந்த தண்ணி அது. நாப்பது நிமிஷம். அந்த நாப்பது நிமிஷத்துல, ரோட்டோரக் கருவேல மரத்து நிழல்ல, பழைய புடவையை மறைப்பாப் புடிச்சுக்கிட்டு, நர்ஸ் அக்கா புண்ணியத்துல குழந்தை பொறந்துச்சு. அத்தை பொழைச்சுது, ரத்தம் ரொம்பப் போயிடுச்சு. இன்னிக்கு ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ஆனா அந்த வண்டிக்கு அதோட பேர் கெட்டுது. 'ராசியில்லாத வண்டி'ன்னு ஊர்ல சொல்லிட்டாங்க. பிரசவத்துக்குக் கூப்பிடுறது நின்னுச்சு. கல்யாணத்துக்குக் கூப்பிடுறது நின்னுச்சு. நைனா கடைசி வரைக்கும் மத்தியானச் சவாரின்னா ரெண்டு துண்டு, ஒரு குடம் தண்ணியோடதான் கிளம்புவார். கேட்டா, "பழைய வண்டின்னா அப்படித்தான்டா" என்பார். 96-ல் அந்த வண்டிக்கு வயசு பன்னெண்டு. பன்னெண்டு வயசு பழசா?

நைனா போனப்புறம், 2011-ல் நானே உட்கார்ந்து பம்பைக் கழட்டினேன். அப்போதான் தெரிஞ்சுது. பம்புக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் நடுவுல இருக்க வேண்டிய தடிப்பான பேக்கலைட் துண்டு இல்லை. அதுக்குப் பதிலா ஒரு காகித பேக்கிங், ஷெல்லாக் தடவி ஒட்டியிருந்தது. மேனிஃபோல்டு சூடு பம்பில் அடிக்காமல் மறைக்கிற தகடும் இல்லை. அது மாட்டியிருந்த அடையாளம் மட்டும் துருப்பிடிச்சு இருந்தது. 93-ல் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இஞ்சினை இறக்கி ஏத்தினாங்க. பேர் வேண்டாம். அங்கேதான் ரெண்டும் காணாமப் போயிருக்கணும். "இது எதுக்கு, சும்மா இடைஞ்சல்" என்று யாரோ ஒருத்தர் தூக்கி மூலையில போட்டிருப்பார். கட்டைவிரல் அகலப் பேக்கலைட்டும் ஒரு தகடும். ராசியாம் ராசி!

இப்போ கொஞ்சம் விஞ்ஞானம். கொட்டாவி விடாதீங்க, சீக்கிரம் முடிச்சுடறேன்.

பெட்ரோல் என்பது ஒரே சரக்கு இல்லை, பல சரக்குகளின் கலவை. அதுல லேசான சங்கதிகள் 40 டிகிரி பக்கத்துலேயே கொதிக்க ஆரம்பிச்சிடும். 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி பதிவாச்சே, ஞாபகம் இருக்கா? நிழலிலேயே அப்படின்னா பானெட்டுக்குள்ள எப்படி இருக்கும்? அம்பாசடர்ல ஏசி பம்ப் இஞ்சின் பிளாக்கிலேயே போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கு. (ஏசி என்பது கம்பெனி பேர், குளிர்சாதனம் இல்லை. குளிர்சாதனமா இருந்தா இந்தப் பதிவே தேவையில்லை :-)) கேம்ஷாஃப்ட் அதோட நெம்புகோலைத் தட்ட, உள்ளே ரப்பர் டயாபிரம் மேலும் கீழும் ஆடி, பின்னாடி டிக்கிக்குக் கீழ இருக்கிற டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. இழுக்கிறது என்றால் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைஞ்சா கொதிநிலையும் குறையும். மலை மேல சோறு வேகாதே, அதே கணக்கு. ஆக, பம்ப் சூடானா பெட்ரோல் முதலில் கொதிப்பது உறிஞ்சுகிற பக்கத்தில்தான். அங்கே ஆவி உண்டானதும் டயாபிரம் ஆடிக்கிட்டேதான் இருக்கும், ஆனா பெட்ரோல் நகராது. காத்து நிரப்பின பலூனைக் கையால அமுக்கி அமுக்கி விடுற மாதிரி.

இன்னொரு சூட்சுமம். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி அவ்வளவு சுலபத்தில் நிக்காது. ஃபேன் சுத்துது, காத்து வருது, டேங்கிலிருந்து புதுப் பெட்ரோல் வந்து பம்பைக் குளிர வைக்குது. வண்டியை நிறுத்தினீங்க பாருங்க, அப்போதான் வினை. ஃபேனும் நிக்குது, தண்ணி ஓட்டமும் நிக்குது. ஆனா இரும்புக்குள்ள இருக்கிற சூடு எங்கே போகும்? மெல்ல மெல்ல பம்புக்கு ஏறும். நிறுத்தின பிறகு பத்து, இருபது நிமிஷத்துல பம்ப் ஓடும்போது இருந்ததைவிட அதிகச் சூட்டில் இருக்கும். டீ குடிச்சு முடிக்கிற நேரம். நர்ஸ் அக்கா கிளம்பி வர்ற நேரம். கார்பரேட்டர் கிண்ணத்துல மிச்சமிருந்த பெட்ரோல்ல வண்டி எடுக்கும், அரை கிலோமீட்டர் போகும், அப்புறம் நிக்கும். 96-ல் நடந்தது அட்சர சுத்தமா இதுதான்.

இதுக்கு நம்ம மெக்கானிக்குங்க வெச்சிருக்கிற பேர் 'ஏர் லாக்'. இந்தப் பேர்லதான் பாதி வினையே. உள்ளே இருப்பது வெளியிலிருந்து வந்த காத்து இல்லை, பெட்ரோலே ஆவியானது. நிஜமாவே காத்து நுழையறது வேற வியாதி: டேங்கிலிருந்து வர்ற ரப்பர் ஹோஸ் காய்ஞ்சு வெடிச்சிருக்கும், கிளிப் தளர்ந்திருக்கும், அது வழியா பம்ப் காத்தை உறிஞ்சும். பெட்ரோல் வெளியே ஒழுகாது, அதனால் யார் கண்ணுக்கும் தெரியாது. இதுக்கு நூறு துண்டு நனைச்சுப் போட்டாலும் தீராது. முப்பது ரூபா கிளிப் தீர்த்து வைக்கும். டேங்க் மூடியில இருக்கிற காத்துத் துளை அடைச்சிருந்தாலும் இதே கூத்துதான். வண்டி நின்னதும் மூடியைத் திறந்து பாருங்க, புஸ்ஸுனு காத்து உள்ளே போனா திருடன் அங்கேதான் இருக்கான்.

இதையெல்லாம்விடப் பெரிய கள்ளன் ஒருத்தன் இருக்கான்: டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து கண்டென்சர். அப்புறம் இக்னிஷன் காயில். ரெண்டும் சூடானா உயிரை விட்டு, ஆறினா எழுந்து உட்காரும். வெயில்ல வண்டி நிக்குது, ஈரத்துணி போடுறோம், அரைமணியில எடுக்குது. துணிதான் காப்பாத்திச்சுன்னு நாம கும்பிடுறோம். நிஜத்தில் அந்த அரைமணியில கண்டென்சர் ஆறிடுச்சு, அவ்வளவுதான்! என் அனுபவத்தில் 'பெட்ரோல் கொதிக்குது'ன்னு என்கிட்ட வந்த வண்டிகளில் பாதி இந்த ஜாதிதான். நின்ன உடனே செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு பிளக் ஒயரைக் கழட்டி ஸ்பார்க் வருதான்னு பார்ப்பது. பெட்ரோல் பைப் எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி பாருங்க. சூட்டு இஞ்சின் மேல பெட்ரோல் சிந்தி, பக்கத்துல ஸ்பார்க்கும் அடிச்சா மிச்சம் கதையை வேற யாராவதுதான் எழுதணும். ஸ்பார்க் இல்லைன்னா துண்டைத் தோளிலேயே போட்டுக்குங்க.

சரி, ஈரத்துணி மோசமா? மோசம்னு நான் சொல்லலை. ஒரு லிட்டர் தண்ணியை முப்பதிலிருந்து எழுபது டிகிரிக்குச் சூடாக்க 170 கிலோஜூல் சொச்சம் போதும். அதே தண்ணி ஆவியாப் போகணும்னா ஏறக்குறைய 2,400 கிலோஜூலை இழுத்துக்கிட்டுப் போகும். மண்பானைத் தண்ணி குளிருதே, அதே வேலை. கடலோரம், காத்துல ஈரம் ஜாஸ்தி, இங்கே துணி வேலை செய்யாதுன்னு சிலர் சொல்றாங்க. அதுவும் தப்பு. பம்ப் எழுபது டிகிரியில கொதிச்சுக்கிட்டு இருக்கும்போது காத்துல எவ்வளவு ஈரம் இருந்தாலும் ஆவியாகத்தான் செய்யும். அமெரிக்காவில் ஒரு காலத்துல பெட்ரோல் பைப்ல வரிசையா மரக்கிளிப் மாட்டுவாங்களாம், துணி காயப்போடுற கிளிப். அதோட ஒப்பிட்டா நம்ம ஆளுங்க பெரிய விஞ்ஞானிங்க!

ஆனா அது முதலுதவி. தேள் கொட்டினா சுண்ணாம்பு தடவுறோம். அதுக்காக வாழ்நாள் பூரா தேளோட படுத்துக்கிட்டு சுண்ணாம்பு டப்பாவை இடுப்புல சொருகிக்கிறோமா? என் கோபம் துணி மேல இல்லை, துணியே போதும்னு நினைக்கிற மனசு மேல. அதிலும் பழவேற்காடு ஏரித்தண்ணி! முகத்துவாரம் திறந்திருந்தா கடலோட உப்பு, கோடையில ஏரி வத்தினா இன்னும் உப்பு. பம்போட உடம்பு வார்ப்பு உலோகம். தண்ணி ஆவியாப் போகும், உப்பு எங்கேயும் போகாது. நாலு கோடை இப்படி வெச்சா பம்ப் உடம்பு வெள்ளை பூத்து, போல்ட் உட்காருற காது பொடிஞ்சு வரும். நானே ஒரு தடவை, புத்தி இல்லாத வயசுல, செஞ்சிருக்கேன். ரெண்டு வருஷத்துல அந்த பம்ப் பழைய இரும்புக் கடைக்குப் போச்சு. இன்னும் சில பேர் குடத்தோட தூக்கி இஞ்சின் மேலேயே ஊத்துறாங்க. காய்ஞ்ச மேனிஃபோல்டு மேல குளிர்ந்த தண்ணி பட்டா வார்ப்பிரும்பு விரிசல் விட்டுடும் சாமி.

அடுத்த கோஷ்டி, எலக்ட்ரிக் பம்ப் கோஷ்டி. "ஏசி பம்பைத் தூக்கிக் கடாசிட்டு எலக்ட்ரிக் மாட்டுங்க சார், பிரச்னையே கிடையாது." ஏதோ ஒரு பைக்கிலோ மாருதியிலோ கழட்டின பம்பைக் கொண்டு வந்து எங்கே மாட்டுறாங்க தெரியுமா? பானெட்டுக்குள்ள, கார்பரேட்டருக்குப் பக்கத்துல! அட அடுப்பை மாத்தாம பாத்திரத்தை மட்டும் மாத்தினா பால் பொங்காதா? அம்பாசடர் இஞ்சினுக்கு ஒண்ணு விட்ட தம்பி ஒருத்தன் இங்கிலாந்தில் இருந்தான், எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டுமே பிஎம்சி பி-சீரிஸ் குடும்பம். நம்மது 1489 சிசி, அவனது 1798. அவனுக்கு எலக்ட்ரிக் பம்ப்தான், ஆனா அது பின்னாடி டேங்க் பக்கத்துல இருந்தது. அங்கே சூடு இல்லை. பெட்ரோலை உறிஞ்சாம தள்ளுது. தள்ளினா பைப்ல அழுத்தம் கூடும், கொதிக்கிறதும் தள்ளிப்போகும். மாட்டுறதா இருந்தா அப்படி மாட்டுங்க. பழைய கார்பரேட்டர் ஊசிக்கு ரெண்டு மூணு பிஎஸ்ஐ தாங்கும், அதுக்கு மேல கொடுத்தா வழிஞ்சு மேனிஃபோல்டு மேல சொட்டும். முட்டினா கவுந்தா பம்ப் தானா நிக்கிறதுக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் வேணும். இது ரெண்டும் இல்லாம எலக்ட்ரிக் பம்ப் மாட்டுறது, வண்டி நிக்கிற வியாதிக்கு வண்டி எரியிற மருந்து.

இன்னொரு வைத்தியமும் எங்க பக்கம் உண்டு. படகு மோட்டாருக்கு வாங்கின மண்ணெண்ணெய்ல கொஞ்சம் டேங்குல கலக்குறது. கலந்தா கொதிக்கிறது கொஞ்சம் குறையத்தான் செய்யும், பொய் சொல்ல மாட்டேன். கூடவே இஞ்சின் கடகடன்னு இடிக்கும், இன்னும் சூடாகும், பிளக்ல கரி அப்பும். அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்லை.

எத்தனால் பத்திச் சொல்லாட்டி அடிக்க வருவீங்க. 2030-க்குன்னு வெச்சிருந்த 20 சதவீத இலக்கை 2021-ல் 2025-க்கு முன்னே இழுத்தாங்க, 2025-ல் எட்டியும் விட்டாங்க. இப்போ பங்க்ல வர்றது அதுதான். எத்தனால் தனியா 78 டிகிரியில்தான் கொதிக்கும், அப்போ நல்லதுதானேன்னு தோணும். ஆனா பெட்ரோலோட கொஞ்சமா கலந்தா ரெண்டும் சேர்ந்து கலவையோட ஆவி அழுத்தத்தை ஏத்தி விடும். அதைவிட முக்கியம் ரப்பர். 1980-கள்ல செஞ்ச டயாபிரமும் ஹோஸும் எத்தனாலை நினைச்சு செஞ்சதில்லை. ஊறி, உப்பி, கிழியும். டயாபிரம் கிழிஞ்சா பெட்ரோல் நேரா ஆயில் சம்புக்கு இறங்கும், அது தனி வயித்தெரிச்சல். பழைய வண்டிக்காரங்களைக் கேட்காமலேயே செஞ்சாங்கன்னு எனக்கும் கோபம் உண்டு. எத்தனால் தாங்குற டயாபிரம் கிட், ஹோஸ் போட்டே ஆகணும், வேற வழியில்லை. ஆனா எல்லாப் பழியையும் அதுமேல போட்டுட்டு பானெட்டைச் சாத்திடாதீங்க. 96-ல் திருப்பாலைவனத்துல நின்ன வண்டியில ஒரு சொட்டு எத்தனாலும் இல்லை.

அப்போ என்னதான் செய்யணும்? நான் 2011-ல் செஞ்சதைச் சொல்றேன். பேக்கலைட் துண்டைத் திரும்பப் போட்டேன். புதுசாக் கிடைக்கலை, லேத் பட்டறையில பழைய அளவுக்கு வெட்டி வாங்கினேன். அளவு முக்கியம். தடிப்பு கூடினா நெம்புகோல் கேம்ஷாஃப்டை எட்டாது, பெட்ரோல் வராது. குறைஞ்சா நெம்புகோல் உடையும். 'கூடுதலா ரெண்டு மில்லிமீட்டர் இருக்கட்டும்'ங்கிற பெருந்தன்மையெல்லாம் இங்கே வேண்டாம். அப்புறம் அலுமினியத் தகட்டை வளைச்சு மேனிஃபோல்டுக்கும் பம்புக்கும் நடுவுல, ரெண்டையும் தொடாம, மறைப்பு. நடுவுல காத்து போக இடம் விடணும். பெட்ரோல் பைப் ஒரு இடத்துல சைலன்சர் பைப்பை உரசிக்கிட்டு போச்சு, தள்ளிக் கட்டினேன்.

ஆனா உண்மையான வேலை ரேடியேட்டர்ல இருந்தது. அவிழ்த்து, தலையைப் பிரிச்சு, கம்பி விட்டுக் குத்தினப்போ வந்த மண்ணை நீங்க பார்த்திருக்கணும். இத்தனை வருஷமா கிணத்துத் தண்ணி, சமயத்துல கை பம்ப் தண்ணி, எல்லாம் உவர். உள்ளே சுண்ணாம்புப் படலம். வெளியே சிமெண்டு நிறத்துல உப்புக் காத்து தின்ன ஃபின். ஃபேன் பெல்ட் விரலால அமுக்கினா ஊஞ்சல் ஆடுது. டைமிங் பின்னாடி தள்ளி வெச்சிருந்தாங்க, 'இடிக்காம இருக்கட்டும்'னு. டைமிங் பின்தங்கினா எரியிறது தாமதமாகி அந்தச் சூடு முழுக்க மேனிஃபோல்டுல போய் கொட்டும். பக்கத்து வீட்டுக்காரன் யாரு? நம்ம பம்ப். இப்படி ஆளாளுக்கு அஞ்சு டிகிரி, பத்து டிகிரின்னு சூட்டைக் கூட்டிக்கிட்டே வந்து, கடைசியில எல்லாப் பழியையும் கையகலப் பம்ப் மேல போட்டுட்டோம்.

இதே அம்பாசடர்ல வேலூர்லயும் திருச்சியிலயும் கலெக்டருங்க மே மாசம் ஊரைச் சுத்தலையா? மும்பையில பத்மினி டாக்சிங்க 2023 அக்டோபர் வரைக்கும் ஓடலையா? அதுல ஈரத்துணி போட்டவங்களும் இருந்தாங்க, எனக்குத் தெரியும். ஆனா எல்லா வண்டியும் தினமும் நடுரோட்டுல நின்னிருந்தா ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரைக்கும் அதை வித்திருக்க முடியுமா? கம்பெனி கொடுத்ததை நாம கழட்டி வீசிட்டு, வண்டியைப் பழசுன்னு திட்டுறோம்.

பழக்கமும் கொஞ்சம் மாத்தினேன். தூரம் ஓடி வந்தா உடனே ஆஃப் பண்றதில்லை. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் சும்மா ஓட விடுவேன். பத்து நிமிஷம் நிக்கப் போறோம்னா பானெட்டை ஒரு விரல் தூக்கியாவது வைப்பேன். மத்தியானத்துக்கு மேல கடக்காத்து கிளம்பிடும், அதனால் எங்க ஊர்ல எப்பவும் வண்டி மூக்கைக் கிழக்கே, கடலைப் பார்த்துத்தான் நிறுத்துறது. கத்திரியில டேங்கைப் பாதிக்குக் கீழ இறக்குறதில்லை. நிறையப் பெட்ரோல் இருந்தா அது சீக்கிரம் சூடாகாது.

2011-க்கு அப்புறம் பதினாலு கோடைக்கு மேல ஆச்சு. ஒரு தடவை நின்னுருக்கு, அது கண்டென்சர்.

அந்த பத்மினிக்காரருக்கு இதையெல்லாம் சொல்லத்தான் ஆசை. பின்சீட்டுல பசங்க வெந்துக்கிட்டு இருந்ததால விட்டுட்டேன். பம்ப் பக்கத்துல டார்ச் அடிச்சுப் பார்த்தேன், அவர் வண்டியிலயும் மறைப்புத் தகடு மாதிரி எதுவும் கண்ணுல படலை. கேட்டேன். "பாலிஷ் போட்டப்ப கழட்டிட்டாங்க சார், துருவா அசிங்கமா இருந்துச்சு" என்றார்.

போன மாசம் அத்தையைக் கண் பரிசோதனைக்குப் பொன்னேரி கூட்டிக்கிட்டுப் போனேன். மத்தியான வெயில். திருப்பாலைவனத்துல நிறுத்தி இளநீர் குடிச்சோம், வேணும்னே பத்து நிமிஷம் வண்டியை ஆஃப் பண்ணி வெச்சேன். சாவி போட்டதும் எடுத்துச்சு. அத்தை ஒண்ணும் சொல்லலை. வீட்டுல இறக்கி விடும்போதுதான் பார்த்தேன், சீட்டுக்குக் கீழே ரெண்டு லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணியும், மடிச்சு வெச்ச துண்டு ஒண்ணும் இருந்துச்சு. "இது எதுக்கு அத்தே?"ன்னு கேட்டேன். "இருக்கட்டும்டா, எனக்காகத்தான்" என்று சொல்லி எடுத்துக்கிட்டு உள்ளே போயிடுச்சு.

பி.கு: பேக்கலைட் துண்டு வெட்டப் போறவங்க பழைய துண்டு இல்லாட்டி அதே மாடல் வண்டி இன்னொண்ணுல கழட்டி வெர்னியர்ல அளந்துக்கிட்டுப் போங்க. கண்ணளவு வேண்டாம். ரெண்டு பக்கமும் புது பேக்கிங்.